ஆயுள் பாத்தியம் மட்டும்: ஜான் ஜேக்கப் ஆஸ்டரின் உயில் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

1848 மார்ச் 29 அன்று நியூயார்க்கில் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் இறந்தபோது அவருக்கு வயது 84. அமெரிக்காவிலேயே பெரிய பணக்காரர் அவர்தான் என்பது ஊரறிந்த செய்தி. சொத்து மதிப்பு 2 கோடி டாலர் என்று பேசிக்கொண்டார்கள். சில நாட்களிலேயே நியூயார்க் ஹெரால்ட் நாளிதழ் அவருடைய உயிலை அச்சிட்டு ஊரார் கையில் கொடுத்துவிட்டது. படித்தவர்கள் எல்லோரும் தொகையைத்தான் பார்த்தார்கள். மகனுக்கு எவ்வளவு, நூலகத்துக்கு எவ்வளவு, கணக்கெழுதிய குமாஸ்தாவுக்கு எவ்வளவு என்பதே பேச்சாக இருந்தது.

தொகையைப் பார்த்து உயிலை எடைபோட முடியாது என்பது என் கருத்து. யாருக்கு முதலையே, அதாவது அசல் தொகையையே, கொடுத்தார், யாருக்கு வட்டியை மட்டும் கொடுத்தார் என்பதைப் பார்க்க வேண்டும். யாருடைய கையில் விற்கும் உரிமை போய்ச் சேர்ந்தது, யாருக்கு ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமை மட்டும் கிடைத்தது என்பதே அந்தத் தாள்களின் உள்ளடக்கம். ஆஸ்டருக்கு இந்த வேறுபாடு வக்கீல் சொல்லித் தெரிந்ததல்ல. வேறொரு குடும்பத்தின் பழைய பத்திரத்தில் இருந்த இதே வேறுபாட்டை வைத்து அவர் ஏறத்தாழ 5 லட்சம் டாலர் சம்பாதித்திருந்தார். ஆகவே அந்த மற்றவர் பத்திரத்திலிருந்து தொடங்குவதே முறை.

மாரிஸ் தம்பதியின் செட்டில்மெண்ட்

1758 ஜனவரியில் ரோஜர் மாரிஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிக்கும் மேரி பிலிப்ஸ் என்ற பெரும் நிலக்கிழார் வீட்டுப் பெண்ணுக்கும் திருமணம். அதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு செட்டில்மெண்ட் பத்திரம் எழுதினார்கள். மேரிக்கு வந்த நிலம் ஹட்சன் நதிக்குக் கிழக்கே, இன்றைய பட்னம் மாவட்டத்தில், 51,000 ஏக்கருக்கு மேல் இருந்தது. பத்திரத்தின் சாரம் இதுதான்: கணவனும் மனைவியும் ஆயுள் பரியந்தம் அனுபவிக்கலாம், இருவரும் காலமான பிறகு நிலம் அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சேரும்.

பிறகு அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. மாரிஸ் தம்பதி அரசர் பக்கம் நின்றார்கள். 1779இல் நியூயார்க் சட்டமன்றம் அவர்களைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி அறிவித்து நிலத்தைப் பறிமுதல் செய்தது, அதைக் குடியானவர்களுக்கு விற்றும்விட்டது. வாங்கியவர்கள் வீடு கட்டினார்கள், வேலி போட்டார்கள், மரம் வைத்தார்கள். அரசாங்கமே விற்ற நிலத்தில் வில்லங்கம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

வில்லங்கம் இருந்தது. அரசு பறித்தது தாய் தகப்பனுடைய உரிமையை. அவர்களுக்கு இருந்ததோ ஆயுள் உரிமை மட்டும். பிள்ளைகள் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. அவர்களுக்கு வரவேண்டிய பின்னுரிமையை அந்தச் சட்டம் தொடவே இல்லை. 1758இன் பத்திரம் போருக்குப் பிறகு, 1787இல்தான், சாட்சி கொண்டு நிரூபிக்கப்பட்டது. அதில் கையெழுத்திட்ட சாட்சிகளில் ஒருவரான வில்லியம் லிவிங்ஸ்டன் அப்போது நியூஜெர்சியின் ஆளுநராக இருந்தார். போரில் எதிர்த்தரப்பில் நின்ற ஆளே வந்து ‘ஆம், இது என் கையெழுத்து’ என்று சொன்னால் அந்தச் சாட்சியை அசைப்பது கடினம்.

1809இல் ஆஸ்டர் இங்கிலாந்தில் இருந்த மாரிஸ் பிள்ளைகளிடமிருந்து அந்தப் பின்னுரிமையை 20,000 பவுண்டுக்கு விலைக்கு வாங்கினார். வாங்கியது நிலமல்ல, என்றோ ஒருநாள் நிலமாகப்போகும் உரிமை. தாய் மேரி அப்போது உயிரோடு இருந்தார். அவர் கண் மூடும்வரை ஆஸ்டர் ஒரு குடியானவரையும் வெளியேற்ற முடியாது. 1825இல்தான் மேரி இறந்தார். பதினாறு ஆண்டு காத்திருப்பு! உடனே வழக்குகள் தொடங்கின. நியூயார்க் மாநிலம் தான் விற்ற நிலத்துக்குத் தானே பொறுப்பேற்று, டேனியல் வெப்ஸ்டர் போன்ற பெரிய வக்கீல்களை நிறுத்தியது. 1830இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்டோரி எழுதிய தீர்ப்பு ஆஸ்டர் பக்கம் வந்தது. மாநிலம் கடன்பத்திரமாகப் பணம் கொடுத்துக் குடியானவர்களின் நிலத்தை மீட்டது. நியாயமாகப் பார்த்தால் அந்தக் குடியானவர்கள் மேல் எனக்கு இரக்கம் உண்டு. சட்டமாகப் பார்த்தால் ஆஸ்டர் பத்திரத்தைச் சரியாகப் படித்திருந்தார்.

இதிலிருந்து அவர் கற்ற பாடத்தை நான் ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை, அவர் தம் உயிலிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆயுள் உரிமை மட்டும் உள்ளவனிடமிருந்து அரசாங்கமே பறித்தாலும் அடுத்த தலைமுறையின் பங்கு தப்பிவிடும். அரசாங்கத்துக்கே இதுதான் கதி என்றால் கடன்காரன், சூதாடி, சொல்பேச்சு கேட்காத மருமகன் எல்லாம் எம்மாத்திரம்?

வால்டோர்ஃபிலிருந்து வந்த குடும்பம்

குடும்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைடெல்பெர்க் அருகே வால்டோர்ஃப் என்ற ஊரில் 1763இல் ஆஸ்டர் பிறந்தார். இன்று எஸ்ஏபி நிறுவனத்தின் தலைமையகம் இருப்பதால் நம் மென்பொருள் பொறியாளர்கள் பலருக்குப் பழக்கமான அதே வால்டோர்ஃப்தான். தகப்பனார் இறைச்சி வெட்டுபவர். அண்ணன் ஜார்ஜ் லண்டனில் இசைக்கருவி செய்தார். இன்னொரு அண்ணன் ஹென்றி விடுதலைப் போர்க் காலத்தில் நியூயார்க் போய் அங்கேயே இறைச்சிக் கடை வைத்துவிட்டார். தம்பி 1783 கடைசியில் லண்டனிலிருந்து கப்பலேறினார், கையில் விற்பதற்குச் சில புல்லாங்குழல்கள். செசபீக் விரிகுடாவில் கப்பல் உறைபனியில் சிக்கியதால் 1784 மார்ச்சில்தான் பால்டிமோரில் கால் வைத்தார்.

அடுத்த ஆண்டு சாரா டாட் என்ற பெண்ணை மணந்தார். அவர் கொண்டுவந்த சீதனம் 300 டாலர். ஆஸ்டர் விலங்குகளின் ரோமத் தோல் வியாபாரத்தில் இறங்கினார்; தோலின் தரம் பார்ப்பதில் கணவரைவிட சாரா கெட்டிக்காரி என்று சொல்வார்கள். தோல் வியாபாரம் பெருகி 1808இல் அமெரிக்கன் ஃபர் கம்பெனி ஆயிற்று. லாபம் மன்ஹாட்டனில் மனையாக மாறியது. மனைகளை அவர் அதிகம் விற்கவில்லை; நீண்ட காலக் குத்தகைக்கு விட்டார். குத்தகைதாரர் தம் செலவில் கட்டடம் எழுப்புவார், தவணை முடிந்தால் நிலம் மீண்டும் ஆஸ்டருக்கு. இந்தக் குடும்பத்தின் பத்திரங்கள் எல்லாவற்றிலும் காலவரம்பு என்ற ஒன்று வந்துகொண்டே இருப்பதைப் படிப்பவர்கள் கவனிக்கலாம்.

அண்ணன் ஹென்றியின் உயிலையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். பிள்ளை இல்லாத அவர் 1833இல் இறந்தபோது, இறைச்சிக் கடையிலும் மாட்டு வியாபாரத்திலும் நிலத்திலும் சேர்த்த ஏறத்தாழ 5 லட்சம் டாலரில் பெரும்பகுதியைத் தம்பி மகன் வில்லியமுக்கு எழுதிவைத்தார். ஏற்கெனவே பெரிய சொத்து வரப்போகிற பையனுக்கே மேலும் போய்ச் சேர்ந்தது. சொத்தைத் துண்டாக்கக் கூடாது என்ற எண்ணம் தம்பிக்கு மட்டும் இருந்ததல்ல.

உயிலுக்கு முன்பே கைமாறியவை

எந்தக் குடும்பத்தின் உயிலைப் படித்தாலும் அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளின் கிரயப் பத்திரங்களையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். இறந்தவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தது உயிலில் வராது. பிராட்வேயில் ஆஸ்டர் கட்டிய பெரிய விடுதி ஆஸ்டர் ஹவுஸ். 1836இல் திறக்கப்பட்டு நாட்டின் புகழ்பெற்ற விடுதி ஆனது. கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோதே, 1834இல், அவர் அதை மகன் வில்லியம் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பத்திரத்தில் காட்டிய கிரயத் தொகை ஒரு ஸ்பானிஷ் டாலர்! உயிலை மட்டும் வைத்து வில்லியமின் பங்கைக் கணக்கிடுபவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

2 கோடி என்ற எண்ணையும் அப்படியே விழுங்கக் கூடாது. அன்றைய நியூயார்க் சட்டப்படி உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்கள் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டிய சொத்துப் பட்டியல் அசையும் சொத்துக்கு மட்டும்தான். பங்கு, கடன்பத்திரம், வெள்ளிப் பாத்திரம் எல்லாம் அதில் வரும், நிலம் வராது. ஆஸ்டரின் செல்வமோ பெரும்பாலும் நிலத்தில் இருந்தது. ஆகவே அது ஊர் வாயில் உருவான மதிப்பீடு.

1836 ஜூலை 4: உயில்

உயிலில் தேதி 1836 ஜூலை 4. அப்போது அவருக்கு 73 வயது ஆகவிருந்தது. அந்நாட்களில் நியூயார்க் மாநிலம் சொத்துச் சட்டத்தைப் புதிதாகத் தொகுத்து, 1830 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. உயிலின் கடைசியில் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், இது என் உயில் என்ற வாய்மொழி அறிவிப்பு எல்லாம் கட்டாயம். அதைவிட முக்கியமான விதி ஒன்று இருந்தது: சொத்தை விற்க முடியாமல் முடக்கிவைப்பது உயிரோடு இருக்கும் இரண்டு பேரின் ஆயுளுக்கு மேல் செல்லாது. இங்கிலாந்துப் பிரபுக்களைப் போலப் பரம்பரை பரம்பரையாகப் பூட்டிவைக்க வழியில்லை. மகளுக்கு ஆயுள் உரிமை, பிறகு பேரப்பிள்ளைகளுக்கு முழு உரிமை என்ற அளவில்தான் எழுதலாம். ஆஸ்டரின் வக்கீல்கள் அந்த எல்லைக்குள் நின்றே எழுதினார்கள்.

மகள் டொரத்தியாவின் ஷரத்துகளைப் பாருங்கள். 1812இல் வீட்டார் சம்மதம் இல்லாமல் வால்டர் லாங்டனை மணந்துகொண்டவர். தகப்பனாருக்குப் பல ஆண்டு கோபம். பிறகு சமாதானம் ஆனது. உயிலில் அவருக்கு நிறையவே இருக்கிறது. வீடு, வெள்ளிப் பாத்திரங்கள், நகரின் குடிநீர்த் திட்டத்துக்காக வெளியிட்ட கடன்பத்திரம் என்று நீளும் பட்டியல். ஆனால் பெரிய இனங்களில் அவருக்கு இருப்பது அனுபவமும் வருமானமும்தான். அசல் அவருடைய பிள்ளைகளுக்கு. கடன்பத்திரத்தில் வரும் வட்டியில் அவர் ராணிபோல வாழலாம். பத்திரத்தை விற்று மருமகன் கையில் கொடுக்க முடியாது. அன்று திருமணமான பெண்ணின் பணம் பெரும்பாலும் கணவன் ஆளுகைக்குப் போய்விடும் காலம். நியூயார்க்கில் மனைவியருக்குத் தனிச் சொத்துரிமை தந்த சட்டம் 1848 ஏப்ரலில்தான், ஆஸ்டர் இறந்து சில நாட்கள் கழித்து, நிறைவேறியது. ஆக, கட்டுப்பாடு என்று நாம் படிக்கும் அதே வரி மகளுக்குப் பாதுகாப்பும் ஆகிறது. இரண்டில் எது அவர் மனதில் முந்தியது? லாங்டன் மேல் அவருக்கு இருந்த கோபத்தை நினைத்தால் மருமகனைத் தள்ளிவைப்பதே முதல் நோக்கம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு மகள் எலைசா, சீமாட்டி. வின்சென்ட் ரும்ப் என்ற ராஜதந்திரியை மணந்து ஐரோப்பாவில் வாழ்ந்தார். 1838இல் குழந்தையின்றி இறந்துபோனார், தகப்பனார் எழுதிய ஷரத்துகள் அனுபவிக்க ஆளில்லாமல் போயின. மூத்த மகள் மக்தலேன் அதற்கு முன்பே போய்விட்டார். அவர் மகன் சார்லஸ் ஆஸ்டர் பிரிஸ்டெட் தாத்தாவிடம் வளர்ந்து, ஹெல் கேட் கரையிலிருந்த அவருடைய தோட்ட வீட்டைப் பெற்றார்.

தகப்பன் பெயரையே தாங்கிய மூத்த மகன் ஜான் ஜேக்கப் மனநலம் குன்றியவர். உயிலில் அவரைப் பற்றிய பகுதியில் மட்டும் வக்கீல் நடை கொஞ்சம் விலகி, ‘என் துரதிருஷ்டசாலி மகன்’ என்று ஒரு தகப்பன் பேசுகிறார். அவர் நிலைக்குத் தேவையான எல்லா வசதியும் செய்ய வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை செலவிடலாம். பின்னிணைப்பில், அதாவது உயிலுக்குப் பிறகு எழுதிச் சேர்த்த திருத்தத்தில், அது 10,000 ஆயிற்று. தொகையை உயர்த்தியதைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை அவர் மறுபடி மறுபடி எடுத்துப் படித்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

மிச்சம் எல்லாம், அதாவது பெயர் சொல்லிக் கொடுத்தது போக எஞ்சிய எச்ச சொத்து, வில்லியமுக்கு. அதுதான் மலை. அதிலும் ஒரு பகுதி ஆயுள் உரிமைதான், தம் பிள்ளைகளுக்குள் பங்கிடும் அதிகாரத்தோடு. முழு நம்பிக்கைக்குரிய மகனுக்கும் முழுச் சாவி கொடுக்கவில்லை.

பின்னிணைப்புகள்

உயிலுக்குப் பின் ஏழெட்டு ஆண்டுகள் பின்னிணைப்புகள் வந்துகொண்டே இருந்தன, கடைசியானது 1843இல். ஒவ்வொன்றுக்கும் உயிலுக்கு உரிய அதே சாட்சிச் சடங்கு வேண்டும். போகிற போக்கில் எழுதிச் செருகிவிட முடியாது. சாவு, கல்யாணம், மனமாற்றம் எல்லாம் அவற்றில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. உயிலை விட்டுவிட்டுப் பின்னிணைப்புகளை மட்டும் தேதி வரிசையில் படித்தாலே ஒரு கிழவரின் கடைசிக் காலம் தெரிந்துவிடும்.

அவற்றில் புகழ்பெற்றது 1839 ஆகஸ்ட் 22 தேதியிட்டது. நியூயார்க்கில் ஒரு பொது நூலகத்துக்கு எச்ச சொத்திலிருந்து 4 லட்சம் டாலர். இந்த யோசனைக்குப் பின்னால் ஜோசப் கிரீன் காக்ஸ்வெல் என்ற நூலறிஞர் இருந்தார். கிழவர் மனம் மாறாமல் இருக்கக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர். தொகையை அப்படியே தூக்கிக் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குச் சுவையான இடம். கட்டடத்துக்கு 75,000க்கு மேல் போகக் கூடாது, நூல்களுக்கு 1,20,000, மீதம் முதலீடு. அதன் வருமானத்தில் நூலகம் நடக்க வேண்டும். மகளுக்குச் செய்ததையே நகரத்துக்கும் செய்தார். முதலைத் தொடாதே, வட்டியில் பிழைத்துக்கொள். உண்டியல் பணத்தைக் கட்டடத்தில் கொட்டிவிட்டுப் பிறகு விளக்கெரிக்கக் காசில்லாமல் நிற்கும் அறக்கட்டளைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வரியின் அருமை புரியும்.

பிறந்த ஊரையும் வந்தேறிகளையும் அவர் விடவில்லை. வால்டோர்ஃபின் ஏழைகளுக்கு 50,000 டாலர்: நோயாளிகளையும் இயலாதவர்களையும் பேண, பிள்ளைகளுக்குக் கல்வி தர. நியூயார்க்கின் ஜெர்மன் சங்கத்துக்கு 20,000 டாலர், அதன் வருமானத்தில் ஓர் அலுவலகம் நடத்தி, புதிதாக வந்திறங்கும் ஜெர்மானியர்களுக்குக் காசு வாங்காமல் யோசனை சொல்ல வேண்டும், ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கப்பல் துறையில் அறையும் வேலையும் வாங்கித் தருகிறேன் என்று புதியவரைச் சுரண்டும் தரகர்கள் அன்று ஏராளம். அந்தச் சங்கத்துக்குத் தலைவராக இருந்த ஆஸ்டர் அதைக் கண்ணால் கண்டவர். அவருடைய தர்மங்களிலேயே கச்சிதமானது இதுதான் என்பேன்.

வால்டோர்ஃப் பணத்தில் எழுந்த ஆஸ்டர் இல்லமும் லாஃபயெட் வீதியின் நூலகமும் 1854 என்ற ஒரே ஆண்டில் திறந்தன. அந்த நூலகம் 1895இல் லெனாக்ஸ் நூலகத்தோடும் டில்டன் அறக்கட்டளையோடும் இணைந்து நியூயார்க் பொது நூலகம் ஆனது.

எதிர்ப்புகள்

உயில் வெளியான கையோடு ஹெரால்ட் ஒரு கேள்வி எழுப்பியது. ஆஸ்டரின் நிலம் விலையேறியது அவர் உழைப்பாலா, நகர மக்களின் உழைப்பாலா? பாதிச் சொத்து, அதாவது 1 கோடி டாலர், நியூயார்க் மக்களுக்கே சேர வேண்டியது என்பது அதன் வாதம். மனை வரி பற்றிப் பேசும் எவரும் இன்றும் இந்த இடத்துக்கு வந்து நின்றாக வேண்டியிருக்கிறது. 1850இல் கல்விச் சீர்திருத்தவாதி ஹொரஸ் மான் இன்னும் கடுமையாகப் பேசினார். 2 கோடியில் அரைக் கோடிகூட அல்ல, சுமார் 5 லட்சம்தான் பொதுக் காரியத்துக்கா என்று இளைஞர்களுக்கான உரையில் ஆஸ்டரைப் பெயர் சொல்லிச் சாடினார். பதில் எழுதியவர் பேரன் பிரிஸ்டெட். தாத்தாவின் தோட்ட வீட்டைப் பெற்றவர் தாத்தாவுக்காகப் பேசியதில் வியப்பில்லை. ஆனால் பொதுக் கொடையைக் குறைகூறுபவர்கள் அதற்கு இணையாக வேறு யார் கொடுத்தார்கள் என்று காட்ட வேண்டும் என்ற அவர் பக்க நியாயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

ஊரார் அதிகம் சிரித்தது குமாஸ்தா விஷயத்துக்கு. ஃபிட்ஸ் கிரீன் ஹாலெக் அன்று நாடறிந்த கவிஞர், 1832 முதல் ஆஸ்டர் அலுவலகத்தில் கணக்கும் கடிதமும் பார்த்தவர். உயிலில் அவருக்கு ஆண்டுக்கு 200 டாலர், ஆயுள் உள்ளவரை. வாங்குகிற சம்பளமே போதும் என்று முன்பு அவர் விளையாட்டாகச் சொன்னதை முதலாளி அப்படியே எடுத்துக்கொண்டார் என்று ஒரு கதை உலவியது. வில்லியம் தம் பணத்தில் சேர்த்துக் கொடுத்தார். ஹாலெக் 1849இல் கனெக்டிகட்டில் உள்ள சொந்த ஊரான கில்ஃபோர்டுக்குப் போய்விட்டார்.

கேலி செய்தவர்கள் நூலகப் பின்னிணைப்பின் இன்னொரு வரியையும் படித்திருக்கலாம். அந்த 4 லட்சத்தை ஆளும் அறங்காவலர்களாக ஆஸ்டர் பெயர் குறித்தவர்களில் எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், காக்ஸ்வெல், மகன் வில்லியம் ஆகியோரோடு ஹாலெக்கும் ஒருவர்.